மதிப்பீடு எப்போது பொய்யாகிறது?

நாளை நடக்கப்போவதைப் பற்றி ஒருவர் இன்றைக்கு ஓர் எண்ணைச் சொல்கிறார். நேர்மையாகத்தான் சொல்கிறார். ஓராண்டு கழித்து அந்த எண் தப்பு என்று தெரியவருகிறது. அவர் பொய் சொன்னாரா, தவறாகக் கணித்தாரா, இல்லை அவர் செய்ததில் குற்றம் என்று எதுவுமே கிடையாதா? அந்தத் தவறான எண்ணை நம்பி இன்னொரு வீட்டில் அடுப்பு எரிந்தது என்றால், மூன்று பதில்களில் எதையும் எளிதாகச் சொல்லிவிட முடியாது.

இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது ஓர் ஆஸ்திரேலியக் கடிதம். பெரியம்மா மகள் பெர்த்தில் இருக்கிறார். விவாகரத்தாகி நான்கு வருடம். இரண்டு பிள்ளைகள் அவரோடு. ஒருநாள் வாட்ஸ்அப்பில் நான்கு பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பி, கீழே ஒரு குரல் பதிவு: "தம்பி, நீதான் இஞ்சினியர் ஆச்சே, இந்தக் கணக்கு சரியா இருக்கான்னு கொஞ்சம் பாரேன்." குடும்பத்தில் ஒருவன் பொறியியல் படித்துவிட்டால் வாஷிங் மெஷினிலிருந்து வரிப் படிவம் வரைக்கும் அவன் தலையில்தான் விழும். எக்செல்லைத் திறந்து உட்கார்ந்தேன். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகும் எனக்கு ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் பிரிந்துபோன பெற்றோருக்கிடையே பிள்ளைப் பராமரிப்புத் தொகையை நீதிபதி தன் விருப்பப்படி முடிவுசெய்வதில்லை. 1989-ஆம் ஆண்டுச் சட்டத்தில் சூத்திரமே இருக்கிறது. 2008-இல் அதைத் திருத்தி எழுதினார்கள். அம்மா அப்பா இருவருடைய வருமானத்தையும் எடுத்து, ஒவ்வொருவருக்கும் தன் பிழைப்புக்கென்று ஒரு தொகையைக் கழித்து, மிச்சத்தைக் கூட்டி, பிள்ளைகளை வளர்க்க எவ்வளவு செலவாகும் என்று ஓர் அட்டவணையில் பார்த்து, யாரிடம் பிள்ளை எத்தனை இரவு தங்குகிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுவார்கள். யாருடைய சூழ்நிலையையும் நீதிபதி முன்னால் நின்று அழுது சொல்ல வேண்டியதில்லை. இதை ஒரு நாகரிகமான ஏற்பாடு என்றே நான் நினைக்கிறேன்.

சிக்கல் 'வருமானம்' என்ற சொல்லில் இருக்கிறது. எந்த வருமானம்? பொதுவாக, வரி கட்டி முடித்த கடைசி ஆண்டின் வருமானம். ஆனால் போன வருடம் சம்பாதித்தவர் இந்த வருடம் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கலாம். அதனால் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. வருமானம் 15 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்துபோனால், நடப்பு நிதியாண்டுக்கு நீங்களே ஒரு மதிப்பீடு கொடுக்கலாம். அவர்களுடைய நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். அதுவரை சம்பாதித்தது எவ்வளவு, மிச்ச மாதங்களில் சம்பாதிக்கப்போவது எவ்வளவு என்று சொன்னால், அந்த எண்ணை வைத்துத் தொகையைக் குறைத்துவிடுவார்கள். பிறகு ஆண்டு முடியும், வரிக் கணக்குத் தாக்கலாகும், உண்மையான வருமானம் தெரியவரும். மதிப்பீட்டையும் உண்மையையும் பக்கத்தில் வைத்து, நடந்துபோன மாதங்களுக்கான தொகையைத் திரும்பப் போடுவார்கள். அதற்குத்தான் நேர்செய்தல் என்று பெயர். உண்மை வருமானம் மதிப்பீட்டைவிடப் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தால், வித்தியாசத்தில் பத்து விழுக்காடு அபராதமும் உண்டு.

அக்கா வீட்டில் நடந்தது இது. எண்களைக் கொஞ்சம் மாற்றி, முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். மச்சான் சுரங்கத்துக்குப் பறந்து போய் வேலை செய்து, வாரக்கணக்கில் தங்கி, பறந்து திரும்பும் ஆள். மாதம் 1,150 டாலர் கொடுத்துக்கொண்டிருந்தார். நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது, நீட்டிக்கவில்லை. டிசம்பரில் மதிப்பீடு கொடுத்தார். தொகை 480 ஆனது. மார்ச்சில் வேறு வேலை கிடைத்தது. அடுத்த வருடம் கடிதம் வந்தபோது, அந்த ஏழு மாதமும் அவர் மாதம் 870 கொடுத்திருக்க வேண்டும் என்று இருந்தது. மாதத்துக்கு 390 வீதம் 2,730 டாலர் பாக்கி. அபராதம் 273.

நான் மச்சானோடும் பேசுகிறவன். விவாகரத்து அவர்கள் இருவருக்கும்தான், எனக்கும் அவருக்கும் இல்லை. கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். "என்னப் பொய்யன்னு சொல்றாங்க தம்பி. டிசம்பர்ல என் கையில வேலையே இல்ல. இல்லாத வேலைய எப்படி எழுதுறது?" என்றார். அக்கா சொன்னது வேறு. "பணம் வருதுன்னு சந்தோஷப்படச் சொல்றியா? அந்த ஏழு மாசம் நான் எப்படி ஓட்டினேன்னு அந்தக் கடுதாசியில எழுதியிருக்கா?"

இரண்டு பேர் சொன்னதும் உண்மை. கணக்கும் உண்மை. பிறகு எங்கே தப்பு?

என் தொழிலில் மதிப்பீடு என்பது தினசரிச் சோறு. நான் கட்டுமானத் தளத்தில் வேலை செய்கிறேன். பைலிங் வேலைக்கு ஒப்பந்தம் போடும்போது ஒவ்வொரு பைலும் எத்தனை மீட்டர் இறங்கும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. நாலு இடத்தில் துளை போட்டு மண்ணைப் பார்த்து, 18 மீட்டரில் பாறை கிடைக்கும் என்று ஒரு எண்ணை எழுதுவோம். இறக்கும்போது ஓரிடத்தில் 15-இல் பாறை இடிக்கும், பத்தடி தள்ளி 23 வரை இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் அந்த அளவை 'தற்காலிகம்' என்றுதான் ஒப்பந்தத்திலேயே எழுதுவார்கள். மாதாமாதம் ஒரு கிளைம், ஒரு இடைக்காலப் பணம். கடைசியில் எல்லாவற்றையும் திரும்ப அளந்து இறுதிக் கணக்கு. 18 என்று சொன்னவனை யாரும் பொய்யன் என்று சொல்வதில்லை. பாறை எங்கே இருக்கிறது என்பது அவன் குற்றமில்லை.

ஆக, மதிப்பீடு தவறுவது மட்டுமே பொய்யாகாது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த 23 மீட்டர் பைலை இறக்கிக்கொண்டிருக்கும்போது தளத்தில் நிற்கிற பொறியாளருக்கு ஒரு கடமை உண்டு. 18-ஐத் தாண்டியவுடனே போனை எடுத்து கியூ.எஸ்.-க்குச் சொல்ல வேண்டும். தெரிந்த பிறகும் சொல்லாமல், இறுதிக் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், அந்த நிமிடத்தில் அவனுடைய 18 மாறிப்போகிறது. எண் அதேதான். ஆனால் நேற்று அது அவனுடைய கணிப்பு. இன்றைக்கு அது அவன் மற்றவர்களை நம்ப விட்டுவைத்திருக்கும் பொய்.

என் தலைப்புக் கேள்விக்கு நான் கண்ட பதில் இதுதான். மதிப்பீடு பொய்யாவது அது சொல்லப்பட்ட நாளில் இல்லை. உண்மை தெரிந்த பிறகு வாய் திறக்காமல் இருக்கும் முதல் நாளில். மதிப்பீடு சொல்கிறவர் எதிர்காலத்தைச் சரியாகச் சொல்வேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. அதை யாராலும் கொடுக்க முடியாது. அவர் கொடுக்கும் வாக்கு வேறு: எனக்குத் தெரியவரும்போது உனக்கும் சொல்வேன். ஆஸ்திரேலியாவில் இதற்கு வழியும் இருக்கிறது. நிலைமை மாறினால் மதிப்பீட்டைத் திருத்திக் கொடுக்கலாம்.

மச்சானிடம் இதைச் சொன்னேன். டிசம்பருக்கு நீங்க பொய் சொல்லல மச்சான், மார்ச்சுக்கு என்ன சொல்றீங்க என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "புது வேலைல மூணு மாசம் தகுதிகாண் காலம். நிக்குமான்னே தெரியல. நின்னா சொல்லலாம்னு இருந்தேன்" என்றார். இந்தப் பதிலை நான் தள்ளிவிட முடியவில்லை. 'தெரியும்' என்பது ஒரே நாளில் நடப்பதில்லை. வேலை கிடைத்த அன்றைக்குக் கொஞ்சம் தெரியும், முதல் சம்பளம் வந்தபோது இன்னும் கொஞ்சம், தகுதிகாண் காலம் முடிந்தபோது முழுதாக. எந்த இடத்தில் மௌனம் குற்றமாகிறது? ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சந்தேகம் இருந்தபோது அவர் எடுத்த முடிவு தனக்குச் சாதகமான பக்கம் சாய்ந்தது. வேலை போனதைத் திட்டமாகத் தெரிந்த ஒரே மாதத்தில் எழுதிக் கொடுத்தவருக்கு, வேலை வந்ததை எழுத மூன்று மாத உறுதி தேவைப்பட்டது. அவர் கெட்டவர் என்பதால் இல்லை. நாம் எல்லோருமே இழப்பைச் சீக்கிரம் நம்புவோம், அதைக் காட்டிச் சலுகை கேட்க முடிந்தால் இன்னும் சீக்கிரம் நம்புவோம்.

அபராதத்துக்கு வருவோம். அது கணிப்பு எவ்வளவு தவறியது என்று மட்டும் பார்க்கிறது. எண்ணத்தில் என்ன இருந்தது என்று பொதுவாகப் பார்ப்பதில்லை. இரண்டு அப்பாக்களை நினைத்துக்கொள்ளுங்கள். இருவருக்கும் ஒரே நாளில் வேலை போகிறது, இருவரும் ஒரே எண்ணை நேர்மையாக எழுதுகிறார்கள், இருவரும் ஒரே மாதிரி வேலை தேடுகிறார்கள். ஒருவருக்குக் கிடைக்கிறது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவருக்கு அபராதம். 1976-இல் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் எழுதிய கட்டுரைகளிலிருந்து தத்துவத்தில் இதற்கு 'ஒழுக்க அதிர்ஷ்டம்' என்று ஒரு பெயர் நிலைத்துவிட்டது. நம் கட்டுப்பாட்டில் இல்லாத ஒன்றை வைத்து நம்மைப் புகழ்வதும் இகழ்வதும் நியாயமா என்பது கேள்வி. குடித்துவிட்டு வண்டி ஓட்டிய இரண்டு பேரில், குறுக்கே ஆள் வந்துவிட்ட ஒருவனை மட்டும்தான் கொலைகாரனாகப் பார்க்கிறோம். அதே விசித்திரம் இங்கே தலைகீழாக: நல்லது நடந்த ஒருவரைத்தான் தண்டிக்கிறோம்.

இதற்கு ஓர் எளிய சமாதானம் இருக்கிறது. மனதுக்குள் இருந்ததை எந்த அதிகாரியாலும் அளக்க முடியாது. அளக்க முயன்றால் நல்லா அழத் தெரிந்தவர் ஜெயிப்பார். அதனால் எண்ணை மட்டும் பார்ப்பதே எல்லோருக்கும் சமம். இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படியானால் அதற்கு அபராதம் என்று பெயர் வைக்கக் கூடாது. அபராதம் என்ற சொல் குற்றத்தைச் சுட்டும். ஓர் அப்பாவை மனிதர்கள் முன்னாலும் பிள்ளைகள் முன்னாலும் பொய்யனாக்கும். தாமதமாகக் கொடுத்ததற்கான விலை, அதுவும் காத்திருந்தவருக்குப் போய்ச் சேரும் விலை என்று அதை வைத்தால், மச்சானுக்கு அவமானம் இருந்திருக்காது, அக்காவுக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கும்.

நம் ஊரிலும் இந்த ஏற்பாடு இல்லாமல் இல்லை. சம்பளம் தவிர வேறு வருமானம் உள்ளவர்களுக்கு உள்நாட்டு வருமான வரி வாரியம் சி.பி.500 என்ற கடிதத்தை அனுப்பும். வருடத்துக்கு ஆறு தவணை, மதிப்பிட்ட வரியை முன்கூட்டியே கட்ட வேண்டும். வருமானம் மாறினால் திருத்தம் கேட்கலாம். திருத்திச் சொன்னது உண்மையான வரியைவிட 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்துபோனால், அதற்கு மேற்பட்ட வித்தியாசத்துக்குப் பத்து விழுக்காடு கூடுதல். பார்க்க ஆஸ்திரேலியப் பராமரிப்புத் தொகைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. ஆனால் வரியில் காத்திருப்பது யார்? அரசாங்கம். என் வரி ஓராண்டு பிந்தி வந்தால் எந்தப் பாலமும் இடிந்து விழப்போவதில்லை. பைலிங் வேலையில் காத்திருப்பது கான்ட்ராக்டர். அவருக்கு வங்கி இருக்கிறது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இந்த ஆபத்துக்கும் சேர்த்துத்தான் விலை சொல்லியிருக்கிறார்.

பராமரிப்புத் தொகையில் காத்திருப்பது பிள்ளை. அது எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

நேர்செய்தல் என்ற சொல்லே நம்மை ஏமாற்றுகிறது. தொகை நேராகிவிட்டால் விஷயமும் நேராகிவிட்டது போல ஒரு தோற்றம். ஜனவரியில் வர வேண்டிய 390 டாலரும் அடுத்த பிப்ரவரியில் வருகிற 390 டாலரும் எக்செல்லில் ஒரே கட்டத்தில் கூடிவிடும். வாழ்க்கையில் கூடாது. ஆஸ்திரேலியாவில் பள்ளி தொடங்குவது ஜனவரி கடைசியில். சீருடை, காலணி, மடிக்கணினி எல்லாம் அந்த மாதம்தான். நீச்சல் வகுப்பிலிருந்து நின்றுபோன பெண்ணுக்கு அடுத்த வருடம் பணம் வந்தால், அவள் பத்து வயதில் நீந்தாமல் போன வருடம் திரும்பி வராது. அக்கா அந்த ஏழு மாதத்தைக் கடன் அட்டையில் ஓட்டினார். வட்டி எந்தக் கடிதத்திலும் வரவில்லை.

இதற்கு மேல் ஒரு முடிச்சும் உண்டு. பிள்ளைகள் இருக்கும் குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு அங்கே அரசு உதவித்தொகை கிடைக்கும். பராமரிப்புத் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால், தாண்டும் ஒவ்வொரு டாலருக்கும் அந்த உதவியில் 50 காசு குறைப்பார்கள். அம்மாவும் அப்பாவும் நேரடியாகக் கொடுத்து வாங்கிக்கொள்கிற குடும்பங்களில், தீர்மானித்த தொகை முழுவதும் கைக்கு வந்துவிட்டதாகவே வைத்துக் கணக்குப் போடுவார்கள். ஆக, போன வருடத் தொகை பின்னோக்கி உயரும்போது, அந்தப் பாக்கி கைக்கு வரும் முன்னாலேயே தாய் அரசாங்கத்துக்குக் கடனாளி ஆகிவிட முடியும். கணவர் தவறாகக் கணித்ததற்கு மனைவி பணம் திரும்பக் கட்டுகிறார். 2025-இல் ஆஸ்திரேலியாவின் காமன்வெல்த் ஓம்பட்ஸ்மன் வெளியிட்ட அறிக்கை, இந்தப் பராமரிப்பு ஏற்பாட்டைப் பிரிந்துபோன துணையை வதைக்கும் ஆயுதமாகச் சிலர் பயன்படுத்துகிறார்கள் என்றே பேசியது. வருமானத்தை மறைப்பதும் வரிக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் இழுத்தடிப்பதும் அதில் வரும் வழிகள்.

மச்சான் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். ஏழு மாதமும் 870 என்று கடிதம் சொல்கிறது. டிசம்பர், ஜனவரி, பிப்ரவரியில் அவருக்குச் சம்பளமே இல்லை. மார்ச்சிலிருந்து ஜூன் வரை வந்ததை ஏழு மாதத்துக்கும் சமமாகப் பரப்பினால்தான் 870 வரும். ஆண்டின் மொத்தத்தை வைத்து மாதங்களை வரைவது ஆபத்தான பழக்கம், அதையும் ஆஸ்திரேலியாவே உலகத்துக்குக் காட்டியிருக்கிறது. 'ரோபோடெட்' என்று பெயர்பெற்ற திட்டத்தில், உதவித்தொகை வாங்கியவர்களின் ஆண்டு வருமானத்தை வரித்துறையிடமிருந்து எடுத்து, அதை இரு வாரங்களுக்கு ஒரு பங்காகச் சமமாகப் பிரித்து, 'நீ வேலையில்லை என்று சொன்ன வாரத்திலும் உனக்கு வருமானம் இருந்திருக்கிறது' என்று கடன் எழுப்பினார்கள். பாதி வருடம் வேலை செய்து, பாதி வருடம் உண்மையிலேயே வேலையில்லாமல் இருந்தவர்கள் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள் ஆனார்கள். 4 லட்சத்துக்கும் அதிகமானோர் மேல் அப்படிக் கடன் விழுந்தது. 2019-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் அது சட்டப்படி நிற்காது என்று முடிவானது. 2023 ஜூலையில் கேத்ரின் ஹோம்ஸ் தலைமையிலான அரச ஆணையம் தன் அறிக்கையைக் கொடுத்தது.

பராமரிப்புத் தொகைச் சட்டம் அந்த அளவுக்கு மோசமில்லை. மதிப்பீட்டுக்கு முன்னால் சம்பாதித்ததைத் தனியாக வெட்டி எடுத்துவிட்டு மிச்சக் காலத்தை மட்டும்தான் பார்க்கிறது. வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது என்று அதற்குத் தெரியும். ஆனால் அந்த மிச்சக் காலத்துக்குள் அதே சமன்படுத்தல்தான். சராசரி என்பது கணக்குக்கு உதவும் ஒரு கற்பனை. யாரும் சராசரி மாதத்தில் வாழ்வதில்லை.

அப்படியானால் மதிப்பீடே வேண்டாம், பழைய எண்ணை வைத்து உறைய வைத்துவிடலாமே என்று கேட்கலாம். பிரிட்டன் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது. வரித்துறையிடம் இருக்கும் முந்தைய ஆண்டின் மொத்த வருமானத்தை எடுத்துக்கொள்கிறார்கள். நடப்பு வருமானம் அதிலிருந்து 25 விழுக்காடாவது வேறுபட்டால்தான் மாற்றுவார்கள். தாய்க்கு இதில் ஒரு நிம்மதி உண்டு: அடுத்த மாதம் எவ்வளவு வரும் என்று தெரியும். ஆனால் வருமானம் 20 விழுக்காடு குறைந்த அப்பா பழைய தொகையையே கொடுக்க வேண்டும். 20 விழுக்காடு கூடியவர் பேசாமல் இருக்கலாம். உண்மையை விட்டுக்கொடுத்து நிச்சயத்தை வாங்குகிறார்கள். ஆஸ்திரேலியா நிச்சயத்தை விட்டுக்கொடுத்து உண்மையை வாங்குகிறது, அதுவும் தாமதமாக.

இந்த இரண்டில் எது நல்லது என்று நான் கொஞ்ச நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். பிறகு, தவறான இடத்தில் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பட்டது. நாளைய வருமானம் யாருக்கும் தெரியாது. எந்தச் சூத்திரம் போட்டாலும் தெரியாது. தெரியாமை ஒரு சுமை. அதை ஒழிக்க முடியாது, யார் தோளிலாவது வைக்கத்தான் வேண்டும். நியாயம் என்பது யார் தோள் என்ற கேள்வி. என் பதில்: காத்திருக்க முடிந்தவர் தோள். பிள்ளையால் காத்திருக்கவே முடியாது. தாயால் கடன் வாங்கிக் கொஞ்சம் முடியும். வேலையிழந்த அப்பாவால் அதுவும் கஷ்டம். அரசாங்கத்தால் முடியும்.

இது கனவு இல்லை. ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும், பிரிந்துபோன பெற்றோர் கொடுக்க வேண்டியதைக் கொடுக்காதபோது அரசு ஒரு தொகையைப் பிள்ளைக்கு முதலில் கொடுத்துவிடுகிறது. கொடுக்க வேண்டியவரிடமிருந்து வசூலிப்பது அதற்குப் பிறகு அரசின் தலைவலி. கணக்கு எத்தனை முறை திருத்தப்பட்டாலும் பிள்ளையின் தட்டில் அது தெரியாது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். மலேசியாவிலேயே ஷரியா நீதித்துறையின் கீழ் குடும்ப ஆதரவுப் பிரிவு ஒன்று இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு இருந்தும் நஃப்கா வராத தாய்மார்களுக்குத் தற்காலிகமாக முன்பணம் கொடுத்து, பிறகு தந்தையிடமிருந்து வசூலிக்கும் வேலையை அது செய்கிறது. சிங்கப்பூரில் 2025 ஜனவரியிலிருந்து, பராமரிப்புத் தொகை வராத வழக்குகளில் அதிகாரிகளே இரு தரப்பின் நிதி விவரங்களையும் திரட்டி, கொடுக்க முடியாதவர் யார், கொடுக்க மனமில்லாதவர் யார் என்று பிரித்துப் பார்க்கும் நடைமுறை வந்திருக்கிறது. நான் மேலே பேசிய கேள்விக்கு அது ஒரு நேரடியான பதில்.

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு இருப்பது 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டமும் நீதிமன்றமும்தான். ஜீவனாம்சம் என்று ஒரு தொகை உத்தரவாகும். அந்த எண் அப்படியே நிற்கும். அப்பாவின் சம்பளம் இரண்டு மடங்கானாலும் தானாக உயராது, வேலை போனாலும் தானாகக் குறையாது. மாற்ற வேண்டுமானால் வழக்கறிஞர் பிடித்து, மனுப் போட்டு, லீவு எடுத்துப் போய் நிற்க வேண்டும். மாதம் 500 வெள்ளிக்கு அவ்வளவு செலவு செய்ய யாருக்கு முடியும்? அதனால் குறைந்த சம்பளக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிடுகிறார், கூடிய சம்பளக்காரர் பழைய தொகையையே பெருமையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஆஸ்திரேலியாவில் கணக்குத் தாமதமாகவாவது நேராகிறது. இங்கே நேராவதே இல்லை, எல்லாருக்கும் பழகிப்போய்விட்டது. அக்காவின் கடிதத்தைப் பார்த்து "அங்கயாச்சும் கடுதாசி வருதே" என்று பெரியம்மா சொன்னதை நான் நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை.

சட்டம் மாறக் காலமாகும். அதுவரை செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. என் வயது நண்பர்களில் ஏற்கெனவே இருவர் விவாகரத்துக்குப் போயிருக்கிறார்கள், இரண்டும் சம்மதத்தோடு. சம்மத விவாகரத்தில் ஒப்பந்த வாசகத்தை இருவரும் சேர்ந்து எழுதலாம். அதில் தொகையை எழுதும்போதே இரண்டு வரியைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள் என்று வழக்கறிஞரிடம் கேட்கலாம். ஒன்று: ஒவ்வொரு வருடமும் பிப்ரவரி கடைசிக்குள் முதலாளி கொடுக்கும் இ.ஏ. படிவத்தை மார்ச் மாதத்தில் இருவரும் பரிமாறிக்கொண்டு தொகையைத் திரும்பப் பார்க்க வேண்டும். இரண்டு: வேலை போனாலும் சரி, கிடைத்தாலும் சரி, 14 நாளுக்குள் மற்றவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். தகுதிகாண் காலம் முடியட்டும் என்ற பேச்சு வேண்டாம். தொகை உடனே மாறாவிட்டாலும் பரவாயில்லை, செய்தி உடனே போக வேண்டும். ஏழு மாதத்துக்குக் கையில் என்ன வரும் என்று தெரிந்தால் ஒரு தாய் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்று தானே முடிவெடுத்துக்கொள்வார்.